வலைக்குள் நீர்மாலை

நான் பார்த்த மனிதர்களிலேயே அதிகமாகப் பயந்தவர் ஒரு டாக்டரம்மா. பேய்க்கோ பாம்புக்கோ அல்ல, தேங்கி நிற்கும் தண்ணீருக்கு. பெருங்குடிப் பக்கம் டீக்கடையில் யாராவது பாதி குடித்துவிட்டு வைத்துப்போன டம்ளரைக் கண்டால் போதும், பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு எழுந்து போய் அதைக் கவிழ்த்துவிட்டு வந்துதான் மிச்சத்தைப் பேசுவார். கடைக்காரர் ஆரம்பத்தில் முறைத்தார். பிறகு எங்கள் ஜீப் சத்தம் கேட்டாலே அவரே ஓடி ஓடிக் கவிழ்க்க ஆரம்பித்தார்.

அப்போது நான் மதுரை விமான நிலையச் சுகாதார அலுவலகத்தில் ஒப்பந்த ஓட்டுநர். வெளிநாட்டிலிருந்து வரும் ஆட்களோடும் சாமான்களோடும் நோய் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்கிற அலுவலகம் அது. துறைமுகம் இருக்கிற ஊர்களில் இதே வேலையைக் கப்பலில் செய்வார்கள். டாக்டரம்மா அங்கிருந்துதான் எங்களிடம் வந்தார். நடுக்கடலில் நிற்கிற கப்பலுக்குப் படகில் போய், கயிற்றேணியில் தொங்கிக்கொண்டு ஏறி, சமையற்காரன் இருமுகிறானா, அரிசி மூட்டைக்குள் எலி செத்துக் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவாராம். ஏணியில் ஏறப் பயமாக இருக்காதா என்று கேட்டேன்.

"ஏணியில என்ன பயம். விழுந்தா நான் மட்டுந்தான் விழுவேன்" என்றார்.

மற்றவர்கள் பசிக்கிறது என்று சொல்வதைப்போல அவர் "எனக்குப் பயமா இருக்கு தம்பி" என்று சொல்வார். கூச்சமே கிடையாது. துப்பாக்கியோடு நிற்கிற பாதுகாப்புப் படை அதிகாரி முன்னாலும் சொல்வார், கலெக்டர் ஆபீஸ் கூட்டத்திலும் சொல்வார். அலுவலகத்தில் நாங்கள் எல்லாம் அவரைப்போலக் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு "எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லிக் காட்டிச் சிரித்திருக்கிறோம். எதற்கு இந்தப் பயம் என்று எனக்குப் புரியவே சில மாதங்கள் ஆயின.

ஒருநாள் இளநீர்க் கடை முன்னால் நிற்கும்போது அவரே சொன்னார். அந்தக் கடைக்காரர் வெட்டிப்போட்ட கூடுகளை விமான நிலையச் சுவரோரம் குவித்து வைத்திருந்தார். மழை பெய்து ஒவ்வொன்றிலும் தண்ணீர். ஒவ்வொன்றிலும் புழு நெளிந்தது. கடைக்காரர் எல்லாவற்றையும் நாலாகப் பிளக்கும்வரை அவர் வெயிலில் அப்படியே நின்றார்.

"ஆப்பிரிக்காவுல மஞ்சக் காய்ச்சல்னு ஒண்ணு இருக்கு தம்பி. கொசுதான் பரப்பும். நம்ம நாட்டுக்குள்ள அது இன்னும் வரல. ஆனா அதைப் பரப்புற கொசு இருக்கு பாருங்க, அது இந்தக் கூட்டுக்குள்ள இருக்கு, உங்க வீட்டுப் பிரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கு, எங்க பாத்தாலும் இருக்கு. பகல்ல கடிக்கிற கொசு. நோய் அங்க, கொசு இங்க. நோயோட ஒரே ஒருத்தன் வந்து இறங்கி, அவனை நம்மூருக் கொசு கடிச்சுச்சுன்னா முடிஞ்சுது."

"மருந்து இருக்குல்ல மேடம்?"

"வராம இருக்க ஊசி இருக்கு. வந்துருச்சுன்னா மருந்து கிடையாது."

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் நான் செய்த முதல் வேலை, பிரிட்ஜுக்குப் பின்னாலிருந்த தட்டை எடுத்துப் பார்த்ததுதான். என் மனைவி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பயம் ஒட்டிக்கொள்ளும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வளைகுடாவில் செத்துப்போனவர்களின் சவப்பெட்டிகள் எங்கள் வழியாகத்தான் ஊருக்குப் போகும். அந்தப் பெட்டிகளையும் அவர்தான் பார்த்து அனுப்ப வேண்டும். ஒருமுறை செத்தவனின் தாய், பெட்டியை அங்கேயே திறந்து மகன் முகத்தைக் காட்டச் சொல்லி அழுதார். டாக்டரம்மா முடியாது என்றார். கெஞ்சினார்கள், திட்டினார்கள், கடைசியில் அந்தத் தாய் தரையிலிருந்த மண்ணை அள்ளி அவர்மேல் தூற்றினார். புடவை முழுக்க மண். டாக்டரம்மா துடைக்கவுமில்லை, நகரவுமில்லை. ஜீப்பில் ஏறிய பிறகுதான் காரணம் சொன்னார்.

"பெட்டி ஓரத்துல ஈரம் கசிஞ்சிருந்துச்சு தம்பி. என்ன ஈரம்னு தெரியல. தெரியாம எப்படித் தொறக்கச் சொல்லுவேன்."

வேறு ஆட்களைக் கூப்பிட்டு, பெட்டியை இன்னொரு உறைக்குள் போட்டு மூடச் சொல்லி, அது வண்டி ஏறும்வரை அங்கேயே காத்திருந்தார். அந்தத் தாயிடம் காரணம் சொல்லியிருக்கலாமே என்றேன். பெத்தவகிட்டப் போய் அதைச் சொல்லச் சொல்றீங்களா என்று கேட்டார்.

விமானம் இறங்கும் நேரத்தில் ஆள் பற்றாது என்று என்னையும் உள்ளே கூட்டிப்போவார். நான் வரிசையை ஒழுங்குபடுத்துவேன். உடம்புச் சூட்டைப் பார்க்கிற கேமரா ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். அவர் அதை அவ்வளவாக நம்பமாட்டார். மற்றவர்கள் காய்ச்சல் இருக்கிறதா, இருமல் இருக்கிறதா என்று கேட்பார்கள். எல்லாரும் இல்லை என்பார்கள். இவர் கேட்கிற கேள்வியே வேறு.

"வீட்ல யாரு காத்திருக்காங்க?"

ஆட்கள் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்கள். பொண்டாட்டிக்குப் பிரசவம், தங்கச்சிக்குக் கல்யாணம், புதுவீடு பால்காய்ச்சு. நம் ஊரில் வெளிநாட்டிலிருந்து ஒருவன் வருகிறான் என்றால் வெளியே வேன் பிடித்து வந்து நிற்பார்கள், கைக்குழந்தை முதல் எல்லாரும். டாக்டரம்மா பதிலைக் கேட்டுவிட்டு அந்த முகத்தைக் கொஞ்சநேரம் பார்ப்பார். உடம்பைப் பற்றிக் கேட்டால் பொய் சொல்லுவாங்க, வீட்டைப் பற்றிக் கேட்டால் சொல்லமாட்டாங்க என்பார். ரொம்ப அவசரமாக யாரோ காத்திருக்கிறவன்தான் காய்ச்சலை மறைப்பான் என்பது அவர் கணக்கு. அப்படிப்பட்டவனைத் தனியாக உட்காரவைத்துத் திரும்பத் திரும்பப் பார்ப்பார். பலமுறை அவர் பிடித்தது சரியாக இருந்தது.

கார்த்திகை மாதம், மழை விட்டு எங்கே பார்த்தாலும் தண்ணீர் நின்ற நேரம். முற்பகலில் கொழும்பு விமானம் வந்தது. முப்பது வயதுக்காரன் ஒருவன், கையில் ஒரு பை மட்டும்.

"எங்கருந்து வாரீங்க?"

"கொழும்புதான் மேடம். ஓட்டல் வேலை."

"வீட்ல யாரு காத்திருக்காங்க?"

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். "அப்பா மேடம். ஐஸ் பொட்டியில வச்சிருக்காங்க. நான் ஒரே மகன். நான் போயித்தான் எடுக்கணும்."

ஊர் திருவாதவூர் என்றான். டாக்டரம்மா அவனைப் பார்த்தார். கேமராவில் சூடு சரியாகத்தான் காட்டியது. போங்க என்றார். அவன் கும்பிட்டுவிட்டு ஓடினான். வரிசை நகர்ந்தது.

பத்துப் பன்னிரண்டு பேர் தள்ளி மேலூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் வந்தார். எங்கிருந்து என்று கேட்டதும், ஆப்பிரிக்காவில் போர்வெல் போடுகிற கம்பெனி, கொழும்பில் விமானம் மாறி வந்தோம் என்று சொல்லி, ஊசி போட்ட மஞ்சள் அட்டையை நீட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. டாக்டரம்மா வழக்கம்போல, கூட வேறு யாரும் வந்தார்களா என்று கேட்டார்.

"நானும் பாண்டியும்தான் மேடம். அவன் அப்பவே போயிட்டானே. பாவம், அவங்கப்பா தவறிட்டாரு."

டாக்டரம்மா பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்து அந்த ஆளும் பயந்துபோய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். போகும்போது ஊசி போட்டால் இரண்டு நாள் படுத்துவிடும் என்று பாண்டி ஊசி போடவில்லை. ஏஜெண்டு வேறு வழியில் அட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறார். நாலு நாளாக அவனுக்குக் காய்ச்சல். விமானத்தில் மாத்திரை போட்டுக்கொண்டே வந்தான். ஆப்பிரிக்கா என்று சொன்னால் அட்டையைத் துருவிப் பார்ப்பார்கள், ஆறு நாள் தனியறையில் வைத்துவிடுவார்கள், அப்பாவை எடுக்க முடியாது என்று கொழும்பு என்றே சொல்லிவிட்டான். நான் வாசலுக்கு ஓடிப் பார்த்தேன், அவனை ஏற்றிக்கொண்டு கார் போய்விட்டிருந்தது.

"வண்டிய எடுங்க தம்பி" என்றார் டாக்டரம்மா.

மாவட்டச் சுகாதாரத் துறைக்குப் போன் போட்டார். ஆம்புலன்சும் ஆட்களும் வருகிறோம், சாயங்காலம் ஆகிவிடும் என்றார்கள். அதுவரைக்கும் கொசு காத்திருக்குமா என்று என்னிடம் கேட்டார். எங்கள் தனியறையிலிருந்த பெரிய கொசுவலைகளையும் களிம்பு டப்பாக்களையும் ஜீப்பில் அள்ளிப் போட்டோம். ரிங் ரோட்டில் விரகனூர் தாண்டி ஒத்தக்கடை வழியாகப் போனோம். இரண்டு பக்கமும் வயலில் தண்ணீர், பள்ளத்தில் தண்ணீர், டயர்க்கடை வாசலில் தண்ணீர். அவர் ஒவ்வொன்றையும் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

எழவு வீட்டைக் கொட்டுச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்தோம். பந்தலுக்குள் இருநூறு பேருக்குக் குறையாமல் இருப்பார்கள். பாண்டி சட்டையைக் கழற்றிவிட்டு வெற்றுடம்போடு ஐஸ் பெட்டியின் காலடியில் உட்கார்ந்திருந்தான். மாத்திரை வேகம் இறங்கி உடம்பு தூக்கிப்போட்டுக்கொண்டிருந்தது. அழுகையில் நடுங்குகிறான் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். அவன் முதுகில் ஒரு கொசு உட்கார்ந்திருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். டாக்டரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அந்த முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டார்.

ஒப்பாரி நின்றது. கொட்டும் நின்றது.

அவன் நிமிர்ந்து பார்த்தான். அடையாளம் தெரிந்ததும் எழுந்து ஓடக்கூட முயலவில்லை. "அப்பாவ எடுத்துட்டு வந்துர்றேன் மேடம்" என்றான். அவ்வளவுதான் அவனால் சொல்ல முடிந்தது.

டாக்டரம்மா அதற்குள் கொல்லைப்பக்கம் போய்விட்டார். பிணத்தைக் குளிப்பாட்டவும் வந்தவர்கள் கை கால் கழுவவும் டிரம்மிலும் சிமெண்டுத் தொட்டியிலும் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்கள். தொட்டியில் டார்ச் அடித்துப் பார்த்தார். அடியில் புழு. தொட்டியின் அடைப்பைப் பிடுங்கிவிட்டார், டிரம்மை என்னைச் சாய்க்கச் சொன்னார். தண்ணீர் பந்தல்வரை ஓடியது. பாண்டியின் அக்கா தலைவிரி கோலமாக வந்து அவர் கையைப் பிடித்தாள்.

"யாரு நீ? எழவு வீட்ல வந்து தண்ணியக் கவுத்துறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

"ஒங்க தம்பி ஒடம்புல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதும்மா. அவனைக் கடிச்ச கொசு அடுத்து ஒங்க புள்ளையக் கடிக்குமான்னும் தெரியாது. எனக்குப் பயமா இருக்கு."

சட்டம் பேசியிருந்தால் எங்களை அடித்தே விரட்டியிருப்பார்கள். ஒரு டாக்டர் பயந்து நிற்பதைப் பார்த்ததும் ஊர் அடங்கிவிட்டது. பெண்கள் பிள்ளைகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார்கள். பாண்டியைச் சுற்றி இருந்தவர்கள் மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்தார்கள். அப்பனுடைய பெட்டியும் அவனும் மட்டும் நடுவில் இருந்தார்கள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

இப்பவே தூக்கிக்கொண்டு போய்விடுங்கள் என்று ஒரு கூட்டம். கொள்ளி போடாமல் மகனை அனுப்பமாட்டோம் என்று ஒரு கூட்டம். ஆம்புலன்ஸ் வர நேரமிருந்தது. பாண்டியின் சித்தப்பாதான் வழி சொன்னார்.

"நீர்மாலைக்கு மேல வேட்டி புடிப்போம்ல. அதுக்குப் பதிலா இந்தம்மா வலையப் புடிச்சுக்குவோம். என்ன இப்ப?"

எங்கள் பக்கம், பிணத்தைக் குளிப்பாட்ட மகன் நீர்நிலைக்குப் போய்க் குடத்தில் தண்ணீர் எடுத்து வரவேண்டும். அப்போது நாலு பேர் நாலு முனையைப் பிடித்து அவன் தலைக்குமேல் வெள்ளை வேட்டியை விரித்துக்கொண்டே நடப்பார்கள். அதைத்தான் நீர்மாலை என்பது. டாக்டரம்மா யோசித்தார். தரை தொடுகிற மாதிரி நாலு பக்கமும் வலை தொங்கவேண்டும், ஒரு இடத்திலும் தூக்கக்கூடாது, கொள்ளி வைக்கும்போது கை மட்டும் வெளியே வரலாம் என்றார். வந்திருந்த அத்தனை பேரும் களிம்பு பூசிக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். வேப்பிலையைக் கொளுத்திப் புகை போட்டோம்.

அந்த ஊர்வலம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. முன்னால் கொட்டும் சங்கும். பின்னால் நாலு மூங்கிலில் கட்டிய கொசுவலை. அதற்குள் குடத்தோடு ஒருவன். மூங்கிலைப் பிடித்த பங்காளிகள் நாலு பேரும் கையை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்கள். கொட்டு நிற்கிற நேரமெல்லாம் பட் பட்டென்று தட்டுகிற சத்தம். இருநூறு பேரும் தங்கள் கையையும் கழுத்தையும் அடித்துக்கொண்டே போனார்கள். ஒருவரும் அழவில்லை.

ஊருணிக் கரையில் ஏறும்போது பாண்டிக்குக் கால் மடங்கியது. குடம் சாய்ந்தது. பிடிக்க யாரும் உள்ளே போகவில்லை. நானும் போகவில்லை. டாக்டரம்மா வலையைத் தூக்கிச் சட்டென்று உள்ளே நுழைந்தார். நான் ஊசி போட்டவ, எனக்கு ஒண்ணும் ஆகாது என்று பொதுவாகச் சொன்னார். ஒரு கையால் அவன் தோளைத் தாங்கி, மறுகையால் குடத்தைத் தாங்கி, வலையின் மூலை மூலையாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். வீட்டுக்குத் திரும்பி, பிணத்தைக் குளிப்பாட்டிச் சுடுகாட்டுக்கு எடுத்துப்போனபோதும் அவர் வலைக்குள்ளேயே இருந்தார். பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. அவரைத் தடுக்க யாருக்கும் தோன்றவில்லை. கொள்ளி வைக்க வலைக்கு வெளியே நீண்ட பாண்டியின் கைமேல் அவர் தன் சேலைத் தலைப்பைப் போர்த்திப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் ஆம்புலன்ஸ் வந்து அவனை வலையோடு ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போனது. ஆஸ்பத்திரியில் மலேரியா இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். ஆப்பிரிக்க மலேரியா, ஒரு நாள் விட்டிருந்தால் மூளைக்குப் போயிருக்கும் என்றார்கள். ஆனால் மலேரியா இருப்பதால் மஞ்சள் காய்ச்சல் இல்லை என்று ஆகிவிடாது. அந்த ரத்தம் வடக்கே ஒரு ஆய்வுக்கூடத்துக்குப் போயிருந்தது. முடிவு வரும்வரை மருந்தடிக்கிறவர்கள் திருவாதவூரில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு அங்கே கடித்த கொசுக்கடி கையில் தடித்திருந்தது. வீட்டில் மகள் தும்மினாலும் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். டாக்டரம்மாவிடம் கேட்டேன். அம்புட்டுச் சீக்கிரம் பரவாது தம்பி, அந்தக் கொசுவுக்கே பத்து நாளாவது வேணும் என்றார். ஆறுதலாகச் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். நான் பத்து நாளும் தூங்கவில்லை.

முடிவு வந்த அன்று நாங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தோம். மஞ்சள் காய்ச்சல் இல்லை. பாண்டி உள்ளே கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். அவன் அக்கா வெளியே வந்தாள்.

"அப்ப அந்த நோயி இல்லியா?"

"இல்லம்மா."

"அப்ப எதுக்கு எங்கப்பன் எழவுல எங்கள அழவிடாம அடிச்சீங்க? ஊரே கொசுவப் பாத்துக்கிட்டு நின்னுச்சே. ஒரு பொட்டுக் கண்ணீர் விடலியே எங்கப்பனுக்கு."

"இல்லைன்னு இன்னிக்குத் தெரியும்மா. அன்னிக்குத் தெரியாது."

"நீங்க வரலேன்னா தம்பியும் போயிருப்பான்னு டாக்டரு சொன்னாரு. அதுவும் தெரியும். ஆனாலும் கேக்காம இருக்க முடியலம்மா."

டாக்டரம்மா அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். அக்கா அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். அவள் அழுது முடிக்கும்வரை இவர் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் அவர் ஒரு மாதம்தான் இருந்தார். மாற்றல் கேட்டு, ஆட்களைச் சோதிக்கிற வேலை இல்லாத ஒரு இடத்துக்குப் போய்விட்டார். உயிரைக் காப்பாற்றினவர், பாராட்டுக் கடிதம் வேறு வந்திருந்தது, ஏன் போகிறார் என்று யாருக்கும் விளங்கவில்லை. எனக்குத் தெரியும். அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது கோரிப்பாளையம் சிக்னலில் மாட்டிக்கொண்டோம். நான் சந்தோஷத்தில் எதையோ பேசிக்கொண்டிருந்தேன். அவர் குறுக்கே பேசினார்.

"காலரு நனைஞ்சிருந்துச்சு தம்பி."

"யாருக்கு மேடம்?"

"பாண்டிக்கு. அன்னிக்கு வரிசையில நிக்கும்போது. ஏசி ஹால்ல எல்லாரும் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க, அவனுக்கு மட்டும் வேர்த்து ஊத்துது. மாத்திரை போட்டுக் காய்ச்சல இறக்குனவனுக்குத்தான் அப்படி வேர்க்கும். பாத்தேன். தெரிஞ்சுது. எங்கப்பா போனப்ப நான் கப்பல்ல நின்னுக்கிட்டிருந்தேன், போக முடியல. இவன் அப்பான்னு சொன்னதும் போங்கன்னு சொல்லிட்டேன்."

சிக்னல் விழுந்தது. பின்னால் ஆரன் அடித்தார்கள். எனக்குக் கியர் போட வரவில்லை.

"அந்த மேலூர்க்காரரு வாயத் தொறக்கலேன்னா மேடம்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வீட்டுக்குப் போயிருப்பேன் தம்பி. சாப்பிட்டுட்டுத் தூங்கியிருப்பேன்."